அடிவரிசைப் பேர்

கால அங்க வைக்காதீங்க சார். வாசப்படி பரவாயில்ல. உள்ள சாக்கு விரிச்சிருக்கு பாருங்க, அதத் தாண்டிப் போவாதீங்க, சுவருல ஈரம் காயல. போட்டோ வேணும்னா இங்கன நின்னே எடுங்க, நல்லா விழும். எடுத்துட்டு இப்படி உக்காருங்க. பூசை முடிய இன்னும் முக்கா மணி நேரம் ஆவும். முடிஞ்சதும் சனம் பூராவும் இங்கனதான் வரும், பொறவு உங்களுக்கு நிக்க எடம் இருக்காது. இன்னைக்குக் கல்லறைத் திருநாள் இல்லியா.

நான் ஏன் பூசைக்குப் போவலன்னு கேக்கிய. வாயால கேக்கல, முகத்தால கேட்டிய. எம்பேரு கயித்தான் கர்டோசா. இந்தச் சபைக்கு மூப்பன் நான்தான். மூப்பன் திருநாளன்னைக்குப் பூசைக்குப் போவாம வாசல்ல காவல் இருக்கான்னா ஊரு பேசத்தான் செய்யும். பேசட்டும். ஆடு மாடு வந்து ஈரச் சுவர ஒரசிட்டுப் போச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?

சரி, கட்டடத்தப் பத்திக் கேட்டுத்தானே வந்திய, சொல்லுதேன். இதுக்குப் பேரு நல்மரண சபை வீடு. நல்ல சாவு கேட்டு வேண்டிக்கிட ஒரு சபை, அந்தச் சபைக்கு ஒரு வீடு. நூத்து நாப்பது வருசம் ஆச்சு. எங்க சந்தியாபட்டணத்துல கோயிலுக்கு அடுத்த பழங்கட்டடம் இதுதான். செத்தவியளச் சுமக்குற ஆசந்தி, கறுப்புத் துணி, ஆளுயரத்துக்கு மெழுகுதிரித் தண்டு எல்லாம் உள்ளதான் இருக்கு. இருக்கப்பட்டவனோ இல்லாதவனோ, சபை ஆளுன்னா இந்த ஆசந்திலதான் கல்லறைக்குப் போவான். எங்க அய்யா இருபது வருசம் இங்க மூப்பனா இருந்தாவ. அவியளும் இதுலதான் போனாவ.

ஆனா வர்றவிய எல்லாரும் பாக்குறது அந்தச் சுவரத்தான். கடலுக்குப் போனவன் பிரேதம் கெடைக்கலன்னா அவனுக்குக் கல்லறை ஏது? அதுக்கு எங்க முன்னோரு ஒரு வழி வச்சாவ. முப்பதாம் நாள் கொத்தனாரு அந்தச் சுவருல உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பூசுவாரு. அது காயுறதுக்குள்ள வள்ளத்து ஆணியால பேர எழுதணும். யாரு எழுதணும்னா, அதே வள்ளத்துல கூடப் போயித் திரும்பி வந்தவன் எழுதணும். வேற யாரும் ஆணியத் தொடக் கூடாது. ஒருத்தருமே திரும்பலன்னாத்தான் மூப்பன் எழுதலாம். இன்னைக்கு மத்தவிய கல்லறையில போயித் திரி கொளுத்துவாவ, பிரேதம் கெடைக்காதவிய வீட்டு ஆளுக இங்க வந்து பேரு மேல கைய வச்சிட்டு நிப்பாவ. 

நெஞ்சு உயரத்துல வரிசையா ஐம்பத்தேழு பேரு இருக்கு. எண்ணிப் பாத்துக்கிடுங்க. ஒரு பேரு மட்டும் கீழ இருந்துச்சு, தரையிலருந்து ரெண்டு சாண் உயரத்துல. அடிவரிசைன்னு சொல்லுவோம். வரிசைன்னா வரிசை இல்ல, ஒரே ஒரு பேருதான்.

அது இசிதோருன்னு ஒருத்தன். எனக்கு மச்சான் முறை. கல்லறைத் திருநாளன்னைக்கு எங்க ஊருல வள்ளம் எறக்கக் கூடாது. கடல்ல கெடக்குறவியளுக்கு உள்ள நாளு, அன்னைக்கு ஒரு நாளாவது அவிய தலைக்கு மேல நாம ஓடாம இருக்கணும்பாவ. இவன் கேக்கல. முந்துன நாள் வலை போட்டுட்டு வந்திருந்தோம், விடிஞ்சு பாத்தா வானம் கறுத்துக் கெடக்கு. வலை போயிருமேன்னு ஒத்தக்கால்ல நின்னான். சரி, தனியா விடக் கூடாதேன்னு நானும் கூடப் போனேன். வாடக்காத்து வள்ளத்தப் பெரட்டிட்டு. நான் கவுந்த வள்ளத்தப் புடிச்சிக் கெடந்தேன், பக்கத்து ஊருக்காரன் தூக்குனான். அவன் கெடைக்கல. ஆகாத நாள்ல போனவன்னு சொல்லி ஊர்க்கூட்டம் அவன் பேர அடியில போடச் சொல்லிட்டு. நான்தான் குத்த வச்சு எழுதுனேன். முப்பத்தொரு வருசம் ஆச்சு.

இப்படித்தான் சொல்லுவேன், கேக்குற எல்லாருக்கும். போன மாசம் காலேஜ் பிள்ளைக வந்துச்சு, அதுக்கும் இப்படியேதான் சொன்னேன். எழுதிக்கிட்டுப் போச்சு.

அவன் பொஞ்சாதி எஸ்கலின். அப்ப அவளுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், கையில ஒரு பொம்பளப்பிள்ள. வருசா வருசம் இந்த நாள்ல வருவா. மத்த பொம்பளைக நின்னுக்கிட்டுக் கைய வப்பாவ, இவ மட்டும் குத்த வச்சு, முந்தானைய இழுத்துச் சொருகிட்டு, தரையோட தரையா கைய நீட்டுவா. அடிச்சுவருல மட்டும் வருசா வருசம் வெள்ளை அடிச்சு அடிச்சு அந்தப் பேரு கண்ணுக்குத் தெரியாமப் போயிட்டு. ஆனா அவ வெரலுக்குத் தெரியும். மூலையிலருந்து மூணு சாண் தள்ளித் தடவுவா, ‘இ’ன்னு ஆரம்பிக்கிற எடத்துல வெரல் நின்னுரும். நான் பக்கத்துல நின்னு திரி கொளுத்திக் குடுப்பேன். அவளுக்கு நான் கொறை வைக்கல சார். அவ மகளுக்குத் தாய்மாமன் செய்முறை நான்தான் செஞ்சேன். நல்ல மீனு கெடச்சா மொதக் கூறு அவ வீட்டுக்குத்தான். ஊரே சொல்லும், கூடப் போனதுக்கு கயித்தான் இன்னும் கடன் கழிக்கான்னு.

ரெண்டு வருசத்துக்கு முன்னால பாத்திருந்தா இதக் கட்டடம்னு சொல்ல மாட்டிய. ஓடு சரிஞ்சு, உத்தரம் செல்லரிச்சு, உள்ள வவ்வாலு. பங்குச்சாமியாருக்கு இத இடிச்சிட்டுக் கல்யாண மண்டபம் கட்டணும்னு ஆச. நான் விடல. ஆயர் வீட்டுக்கு எட்டுத் தடவ நடந்தேன். கடைசியில மெட்ராஸ்லருந்து பழங்கட்டடம் பாக்குற ஒரு அம்மாவ வரவழச்சாவ. மீனலோசனின்னு பேரு. நம்ம வேதம் இல்ல, ஆனாலும் செருப்பக் கழத்திட்டுத்தான் உள்ள போவாவ.

அவிய சுவரத் தட்டித் தட்டிக் கேட்டாவ, டாக்டரு முதுகத் தட்டுற மாதிரி. நோய் என்னன்னா, எங்க அய்யா காலத்துல ஒரு சாமியாரு நல்லது நெனச்சு வெளிச்சுவரு பூராவும் சிமெண்டு பூசிட்டாவ. கடக்கரை மண்ணு, உப்பு சுவருல ஏறத்தான் செய்யும். ஏறுனா வெளிய போவணும். சிமெண்டு வழிய அடச்சிட்டு. அது உள்பக்கமா திரும்பி, அடியிலருந்து மூணு அடிக்குப் பூத்துப் போச்சு. தொட்டா மாவா உதிருது. மேல உள்ள பேருக்கு ஒண்ணும் இல்ல, கீழதான்.

அந்தம்மா மேல உள்ள ஒவ்வொரு பேருக்கும் நம்பர் போட்டு, போட்டோ புடிச்சு, பெரிய தாளுல வரஞ்சாவ. வரஞ்சிட்டு என்னக் கூப்பிட்டாவ. "ஐயா, கீழ மூணு அடிக்குப் பழைய பூச்சை எடுத்தே ஆகணும். அதுல பேரு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்க. அந்த இடத்தை மட்டும் பலகை கட்டி அப்படியே பெயர்த்து வெச்சிருந்து, திரும்பப் பதிச்சிடலாம். இருக்கா?" அப்படின்னாவ.

இல்லம்மா, கீழ ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்.

ஏன் சொன்னேன்னு கேளுங்க. எஸ்கலினுக்கு ரெண்டு முட்டியும் போயிட்டு, குத்த வச்சா எந்திரிக்க ஆளு வேணும். பேரு இல்லன்னா குனிய வேண்டாமே, பாவம், நின்னுக்கிட்டே செபம் சொல்லிட்டுப் போவட்டும்னு நெனச்சேன்.

இல்ல சார். இந்தக் காரணத்த நான் பொறவுதான் கண்டுபிடிச்சேன். சொன்ன நேரத்துல எஸ்கலின் நெனப்பே எனக்கு இல்ல. அந்த எடத்த இனிமே பாக்க வேண்டாம்னுதான் இருந்துச்சு. அவ அப்ப பாளையங்கோட்டையில மக பிரசவத்துக்குப் போயிருந்தா. வர ரெண்டு மாசம் ஆவும்னு எனக்குத் தெரியும். ஆளுக மறுநாளே சுரண்ட ஆரம்பிச்சாவ. நான் வெளிய இந்த வேப்பமரத்தடியில நின்னேன். மூலையிலருந்து மூணு சாணு, எப்ப வருவாவன்னு சத்தத்த வச்சே கணக்குப் பண்ணிக்கிட்டு நின்னேன். ஒரு அரைமணி நேரம். பொறவு போயி ஆளுகளுக்கு டீ வாங்கிட்டு வந்தேன்.

தண்ணி குடிக்கியளா? நானும் ஒரு மடக்கு குடிச்சிக்கிடுதேன்.

ஒண்ணு மாத்திச் சொல்லணும். அவன் ஒத்தக்கால்ல நின்னான்னு சொன்னேன்லா. அப்படியில்ல, ரெண்டு பேரும் சேந்துதான் போவோம்னு முடிவு பண்ணுனோம். அவன் ஒரு பங்கு, நான் ஒரு பங்கு. அவன் செத்துட்டான், நான் இருக்கேன், அதனால பழி பூராவும் அவன் பக்கம் சாஞ்சிட்டு. நடக்குறதுதான. வள்ளம் வேற அவனுது. வள்ளக்காரன் சொல்லாம வள்ளம் எறங்குமான்னு ஊரு நெனச்சுட்டு.

போன ஞாயித்துக்கிழம ஆயர் ஆண்டவர் வந்து கட்டடத்த மந்திரிச்சுத் தெறந்து வச்சாவ. மேளம் என்ன, தோரணம் என்ன, எனக்குப் பொன்னாடை வேற. மூப்பர் இல்லன்னா இந்தக் கட்டடம் இல்லன்னு சாமியாரே மைக்குல சொன்னாவ, இடிக்கணும்னு நின்ன அதே சாமியாரு. சோறு போட்டு எல்லாம் முடிஞ்சு உள்ள கூட்டம் சுத்திப் பாக்குது. எஸ்கலின் மகளக் கூட்டிட்டு வந்திருந்தா. வந்தா, முந்தானையச் சொருகுனா, மகள் தோளப் புடிச்சுக் குத்த வச்சா. மூலையிலருந்து மூணு சாணு தடவுனா.

சுவரு பளிங்கு மாதிரி இருக்கு. நம்ம கொத்தனாரு வேல அப்படி. கடுக்காத் தண்ணியும் கருப்பட்டியும் போட்டு இழச்ச சுண்ணாம்பு. அவ கை வழுக்கிட்டுப் போவுது. திரும்ப மூலைக்கு வந்து திரும்பத் தடவுனா. நாலு தடவ. அப்புறம் அண்ணாந்து என்னப் பாத்தா.

"அண்ணேன், இங்க இருந்தவிய எங்க?"ன்னு கேட்டா.

பேரு எங்கன்னு கேக்கல சார். இருந்தவிய எங்கன்னு கேட்டா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உப்பு அரிச்சுப் போச்சு தாயி. இன்ஜினியர் அம்மா எல்லாத்தையும் எடுத்தாத்தான் ஆச்சுன்னு சொல்லிட்டாவ, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" அப்படின்னேன். அந்தம்மா எனக்குப் பின்னாலேயே நிக்காவ. எனக்குத் தெரியாது. கோவப்படல. பையிலருந்து அந்தத் தாளை எடுத்து விரிச்சாவ. "ஐயா, நீங்கதானே கீழ பேரே இல்லைன்னு சொன்னீங்க? நான் இங்க தேதி போட்டுக் குறிச்சு வெச்சிருக்கேனே" அப்படின்னாவ. பொன்னாடை தோள்ல கெடக்கு, அதக் கழத்தவும் தோணல. பொய் சொல்லி மாட்டுறது எந்த வயசுலயும் அசிங்கம்தான், எழுவது வயசுல ரொம்ப அசிங்கம்.

மறுநாள் காலையில எஸ்கலின் எங்க வீட்டுக்கு வந்தா. முப்பத்தொரு வருசத்துல என் வீட்டுப் படி ஏறுனது கிடையாது. நான்தான் அவ வீட்டுக்கு மீனு கொண்டு போவேன். நாற்காலி போட்டேன், உக்காரல.

"அண்ணேன், அன்னைக்கு நீரு வாசல்ல நின்னு அவியளக் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் அடுப்படியில நின்னேன்"ன்னா.

போட்ட நாற்காலிய எடுத்துத் திரும்பச் சுவரோரமா வச்சேன்.

இப்ப சரியாச் சொல்லுதேன் சார். வலை எனக்குள்ளது. புது வலை. வானம் கறுத்ததும் எனக்கு இருப்புக் கொள்ளல. என்கிட்ட வள்ளம் கெடையாது. அவன் வாசல்ல போயி நின்னேன். "மச்சான், இன்னைக்கு நாளு அப்படி, வேண்டாம். வலை போனாப் போவுது, சேந்து புதுசு முடிஞ்சிக்கிடலாம்"னுதான் அவன் சொன்னான். நல்ல மொறையாத்தான் சொன்னான். நான்தான், "பயமா இருந்தா பொண்டாட்டி சேலைக்குள்ள ஒளிஞ்சு கெட"ன்னு சொன்னேன். தெருவுல நாலு பேரு காதுல விழுந்துருமோன்னு அவனுக்கு வெக்கம். துடுப்பத் தூக்கிட்டு வந்துட்டான். ஊருக்கூட்டத்துல கேட்டாவ, யாருடா மொதல்ல எறங்குவோம்னு சொன்னதுன்னு. அவன்தான்னேன். ஆகாத நாள்ல வலிய எறங்குனவனுக்குச் சபையில எடம் இல்ல. எங்க அய்யா அப்ப மூப்பன், அங்கதான் உக்காந்திருந்தாவ. அவிய முகத்தப் பாத்தேன், அந்தப் பொய் வாயில வந்துட்டு. கூடத் துணைக்குப் போன நல்ல பயலுன்னு என்ன முதுகுல தட்டுனாவ. அய்யா செத்ததும் என்னையே மூப்பனாக்கிட்டாவ.

எஸ்கலின் சொன்னா, "சேலைக்குள்ள ஒளியச் சொன்னீரே, அந்தச் சேலைய நான்தான் உடுத்திருந்தேன். அத இன்னும் வச்சிருக்கேன்"ன்னு.

பொறவு ஏன் தாயி அன்னைக்கே சொல்லலன்னு கேட்டேன். கேக்கக் கூடாதுதான், கேட்டுட்டேன். "யாரு நம்புவா? வள்ளத்துல இருந்தவன் சொல்லுக்கு முன்னால அடுப்படியில நின்னவ சொல்லு எடுபடுமா? ஆணியும் உம்ம கையில, கதையும் உம்ம வாயில. ஒவ்வொரு திருநாளுக்கும், இந்த வருசம் சொல்லிருவாரு, இந்த வருசம் சொல்லிருவாருன்னு பாத்தேன். நீரு திரி கொளுத்தித் தந்தீரு. இப்பக் கட்டடத்தத் தூக்கி நிறுத்துதாருன்னு கேள்விப்பட்டப்ப, அப்பச் சொல்லத்தான் போறாருன்னு நெனச்சேன்" அப்படின்னா. அழுவல சார். அழுதிருந்தா நானும் சேந்து அழுதுட்டு முடிச்சிருப்பேன்.

நான் ஒரு யோசன சொன்னேன். "தாயி, பேரத் திரும்ப எழுதிருதேன். கீழ வேண்டாம், மேலயே எழுதுதேன், உன் கைக்கு எட்டுற மாதிரி. வேல நடந்ததுல எடம் மாறிட்டுன்னு சொல்லிக்கிடலாம். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாவ"ன்னேன். நல்ல யோசனதானே? இப்பவும் எனக்கு நல்லதாத்தான் தெரியுது.

அதுக்கு அவ, "கட்டடத்தச் சாக்கு வச்சு அவியள மேல ஏத்த வேண்டாம். ஏன் மேலன்னு ஊருக்கு முன்னால சொல்லிட்டு மேல எழுதும். அது முடியலன்னா பழைய எடத்துலயே எழுதும். நான் குனிஞ்சு பழகிட்டேன்"ன்னா. சொல்லிட்டு எறங்கிப் போயிட்டா.

அதான் சார் இன்னைக்கு இந்தக் காவல். உள்ள எட்டிப் பாருங்க, அந்தச் சுவருல ரெண்டு எடத்துல ஈரம் தெரியுதா? ஒண்ணு நெஞ்சு உயரத்துல, கடைசிப் பேருக்கு அடுத்து. ஒண்ணு கீழ, தரையிலருந்து ரெண்டு சாணு. காலையில கொத்தனாரு வந்து பூசிட்டுப் போனாரு. நான் பூசச் சொல்லல, எஸ்கலின் சொல்லிப் பூசியிருக்காரு. ரெண்டு எதுக்குன்னு அவருக்குப் புரியல, நானும் சொல்லல. பூசை முடிஞ்சு ஆளுக வரும்போது ஆணி எறங்குற பதமா இருக்கும். மத்தியானம் ஆச்சுன்னா எறங்காது.

ஆணி இந்தா, சட்டப்பையில இருக்கு. அவன் வள்ளத்து ஆணிதான், கரையில ஒதுங்குன பலகையிலருந்து எடுத்தது. அன்னைக்கு எழுதுனதும் இதாலதான்.

மேல எழுதுனா என்ன ஆவும்னு சொல்லுதேன். இன்னைக்கே மூப்பன் பதவி போயிரும், அது போவட்டும். சபையிலருந்து பேர எடுத்துருவாவ. எடுத்துட்டா எனக்கு அந்த ஆசந்தி கெடையாது. நல்ல சாவு வேணும் வேணும்னு அம்பது வருசம் செபிச்சிருக்கேன் சார், கூலிக்கு வண்டி புடிச்சுத்தான் என்னக் கல்லறைக்குக் கொண்டு போவணும். என் மக்கமாரு இந்த ஊருலதான் இருக்கணும், பேரப்பிள்ளைக இந்தக் கோயிலுக்குத்தான் போவணும். கீழ எழுதுனா ஒண்ணும் ஆவாது. ஒண்ணுமே ஆவாது. அவ முந்தானையச் சொருகிட்டுக் குத்த வைப்பா, நான் திரி கொளுத்திக் குடுப்பேன். அவ்வளவுதான். ஒரு வாரமா இதையே போட்டு உருட்டுதேன்.

மேல ஒரு தடவ, கீழ ஒரு தடவன்னு விடியக்காலத்துலருந்து எத்தன தடவ போயி நின்னுட்டேன் தெரியுமா. கீழ உள்ளதுக்குக் குத்த வச்சுப் பாத்தேன். எனக்கே எந்திரிக்க முடியல. அந்தக் கதவு நெலையப் புடிச்சுத்தான் எந்திரிச்சேன்.

மணி அடிக்கி. பூசை முடிஞ்சு போச்சு.

உங்ககிட்ட ஏன் இதச் சொன்னேன்னு யோசிக்கிய. நீங்க மத்தியானம் பஸ்சுல போயிருவிய, அதான். சொல்லிப் பாக்குறதுக்கு ஒரு ஆளு வேணும்னு இருந்துச்சு. ஆனா பாத்தியளா, போற ஆளுகிட்டயே மூணு விதமாச் சொல்லியிருக்கேன். மொதல்ல அவன்தான்னேன், பொறவு ரெண்டு பேருமுன்னேன், கடைசியிலதான் நான்னு வந்துச்சு. உள்ள அப்படி மூணு தடவ சொல்ல முடியாது. சுண்ணாம்பு காஞ்சிரும்.

வாராவ பாருங்க. முன்னால சிலுவ, பின்னால சாமியாரு. பக்கவழியா வாராளே, வெள்ளச் சேல, அவதான் எஸ்கலின். நேரா உள்ள போயிட்டா. சாக்கத் தாண்டிட்டா. 

சார், அவ நிக்கா. அந்தச் சுவரு முன்னால அவ நிமுந்து நின்னு நான் பாத்ததே இல்ல. முந்தானையச் சொருகல. மேல இருக்குற ஈரத்துக்கு நேரா நின்னுட்டு வாசலப் பாத்துக்கிட்டிருக்கா.

ஒரு கை குடுங்க, எந்திரிச்சுக்கிடுதேன். நீங்க இங்கனயே இருங்க, உள்ள நெருக்கடியா இருக்கும். இல்ல, வேண்டாம், நீங்களும் வாங்க சார். வந்து என் கண்ணுக்கு நேரா நில்லுங்க. முன்னாடியே கேட்டவிய ஒருத்தராவது அங்க நின்னா, நான் மாத்திச் சொல்ல மாட்டேன்.